பதினான்கு பேர் அமர்ந்த கருத்தரங்கக் கூடம்

அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் நூற்றுப் பதினேழு கட்டிடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, ஒரு பெயர்ப்பலகை உண்டு, இன்ன பயனுக்கு இன்ன கட்டிடம் என்று பதிவேட்டில் ஒரு வரியும் உண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அங்கே ஏட்டுக் கட்டிடம் மழைக்கு ஒதுங்கக்கூட உதவவில்லை. உடற்பயிற்சிக்கூடம் என்று பதிவான கட்டிடத்தில் பழைய விடைத்தாள்கள் மூட்டை மூட்டையாகப் படுத்துக் கொழுத்துக்கொண்டிருந்தன. மாணவர் நல மையத்தில் ஒரு ஜெனரேட்டர் குடியேறி, நலம் நாடி வந்தவர்களின் காதைப் பிளந்தது. விருந்தினர் மாளிகையின் கீழ்த்தளத்தில் உடைந்த நாற்காலிகள், மேல்தளத்தில் உடையாத பூட்டுகள். தச்சுக்கூடத்தில் வங்கிக் கிளை. நூலகத்தின் நான்காம் மாடிக்கு மின்தூக்கி போகும், போய் நிற்கும், கதவு மட்டும் திறக்காது. எண்களோ கட்டிய ஆண்டின்படி இடப்பட்டவை. நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் ஏழு நிற்கும், ஏழுக்குப் பின்னால் நூற்று மூன்று எட்டிப்பார்க்கும். அறிவை வளர்க்கும் இடத்தில் எண்ணிக்கை மட்டும் எப்படியோ வளராமல் போயிற்று.

கலையியல் கட்டிடத்துக்கு ஐந்து மாடி, தொண்ணூற்றிரண்டு அறைகள். அத்தனையையும் பெருக்கித் துடைக்கப் பெண்கள் பதினான்கு பேர். அவர்களுக்குத் தலைவியாக இருந்தவளை வளாகமே கொத்துச்சாவி என்று அழைத்தது. இடுப்பில் தொங்கிய வளையத்தில் தொண்ணூற்றிரண்டு சாவிகள். பேராசிரியர்கள் சொந்த அறைச் சாவியை வீட்டில் மறந்துவிட்டு வந்து, அவள் முன்னால் பள்ளிப்பிள்ளைகளைப் போலக் கைகட்டி நிற்பார்கள். எந்த அறையையும் திறக்க அவளால் முடியும். எந்த அறையிலும் உட்கார அவளுக்கு உரிமை இல்லை.

பதினான்கு பேரும் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார்கள். அங்கேயும் ஒருநாள் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் வந்து, தீப்பற்றினால் வெளியேறும் வழி இது, இங்கே யாரும் உட்காரக் கூடாது என்று பலகை மாட்டிவிட்டுப் போனார். தீப்பற்றினால் அந்த வழியாக ஓடவேண்டியவர்கள் முதலில் உள்ளே இருக்கவேண்டுமே, விடுமுறை மாதத்தில் எங்களைத் தவிர இந்தக் கட்டிடத்தில் யார் இருக்கிறார்கள் என்று கொத்துச்சாவி கேட்டாள். அவர் பலகை நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

இதுவரை இது பதினான்கு பேரின் துன்பம். அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி கொத்துச்சாவியின் மருமகள். ஏழாம் மாதம். லாரி ஓட்டும் கணவன் மாதத்தில் இருபது நாள் வெளியூரில். மாமியாரும் மருமகளும் ஒரே பேருந்தில் வந்து, ஒரே வாளியில் துணி பிழிந்து, ஒரே பேருந்தில் திரும்பினார்கள். மருமகளின் கால்கள் வீங்கத் தொடங்கியதும் மருத்துவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்: நடுப்பகலில் ஒரு மணி நேரம், காலை உயரத் தூக்கிவைத்து ஓய்வு, இயலாவிட்டால் இன்றே வேலையை நிறுத்துக. இன்றே நிறுத்தினால் என்ன ஆகும் என்பது மருத்துவரின் சீட்டில் இல்லை, ஒப்பந்தக்காரரின் விதியில் இருந்தது. இன்னும் ஏழு வாரம் வேலையில் நீடித்தால் பேறுகால விடுப்பு உண்டு, திரும்பி வந்தால் வேலை உண்டு. ஒரு நாள் முன்னால் நின்றாலும் இரண்டும் இல்லை.

பேருந்தில் மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, நான் நின்னுடறேன்."

"நின்னு நின்னுதானே கால் இப்படி ஆயிருக்கு. இன்னும் எங்கடி நிக்கப் போற?" என்றாள் மாமியார். "உட்காரு. உட்கார ஒரு இடம் நான் வாங்கித் தர்றேன்."

வாங்கித் தருவது அவ்வளவு எளிதா? முதல் மனுவைக் கட்டிட அலுவலகத்துக்குக் கொடுத்தாள். பத்தொன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: அறை கோரும் உரிமை துறைகளுக்கே உண்டு, துப்புரவு ஒரு துறை அன்று. இரண்டாம் மனு ஒப்பந்தக்காரருக்கு. ஆட்கள் என்னுடையவர்கள், கட்டிடம் என்னுடையது அன்று என்று அவர் கைவிரித்தார். மூன்றாம் மனு மகளிர் நலக் குழுவுக்கு. அங்கேதான் அன்பான வரவேற்பு. குழுத் தலைவி மனுவை வாங்கிப் படித்துக் கண்கலங்கி, எங்களுக்கே அறை இல்லை அம்மா, மூன்றாண்டுகளாக நடைபாதையில்தான் கூடுகிறோம், உங்களுக்குக் கிடைத்தால் எங்களுக்கும் ஓர் ஓரம் கொடுங்கள் என்றாள். நான்காம் மனுவோடு கொத்துச்சாவி மறுபடியும் கட்டிட அலுவலகத்துக்கே போனாள். அங்கே ஓர் எழுத்தர் இருந்தார். எதைக் கேட்டாலும் "அது வேற கோப்பு" என்பார். அதனால் வேறகோப்பு என்றே அவருக்குப் பெயர் வழங்கிற்று. காலியாகக் கிடக்கும் அறைகளைக் கணக்கெடுக்கப் போகிறோம், அது முடியட்டும், அதற்குப் பிறகு பார்ப்போம் என்றார். காலி அறை எங்கே இருக்கிறது என்று அறியக் கணக்கெடுப்பு எதற்கு, என் சாவிகளைக் கேட்டால் சொல்லுமே என்றாள் கொத்துச்சாவி.

அந்தப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் படிவங்களோடு வருவார். அறைக் கதவைத் திறப்பார். கண்டதைக் கண்டபடி எழுதுவார். எழுதிய பயனே அடுத்த மூன்றாண்டுக்கு அந்த அறையின் பயன். பத்துப் பேருக்குக் குறைவாகக் கண்டால் அறை காலி. காலி அறை வேறு துறைக்குப் போகும். விதி நல்ல விதிதான். அதை நடத்துவதோ விடுமுறை மாதத்தில்! மாணவர்கள் ஊருக்குப் போன பிறகு வகுப்பறையில் மாணவர்கள் இருக்கிறார்களா என்று கதவைத் திறந்து பார்க்கும் அறிவை எந்தக் கட்டிடத்தில் கற்றார்களோ, அந்தக் கட்டிடத்தையாவது முதலில் பூட்டியிருக்கலாம்.

விளைவு என்ன? கணக்கெடுப்பு நாளன்று ஒவ்வொரு துறையும் ஆள் பிடிக்கக் கிளம்பும். அந்த ஆண்டும் தோட்டக்காரர்களைக் கணிதத் துறை முந்திக்கொண்டு மடக்கிவிட்டது. ஓட்டுநர்கள் புவியியலுக்கு. வேதியியல் துறைத்தலைவர் தம் மைத்துனர் குடும்பத்தையே வெள்ளை மேலங்கி மாட்டிச் சோதனைச்சாலையில் நிறுத்தினார். தத்துவத் துறைக்கு மட்டும் ஆள் அகப்படவில்லை. அவர்களிடமோ வளாகமே பொறாமைப்படும் ஒரு கருத்தரங்கக் கூடம் இருந்தது: மூன்றாம் மாடியில், மெத்தை தைத்த நாற்காலிகள் நாற்பதோடு. சென்ற ஆண்டில் அது இருமுறை பயன்பட்டது. ஒருமுறை ஒரு தொடக்க விழா, மறுமுறை அதைத் தொடங்கிவைத்தவருக்கு இரங்கல் கூட்டம். எனினும் நாற்பது நாற்காலிகளையும் நாள்தோறும் துடைத்தாக வேண்டும். எவரும் உட்காராத நாற்காலியை, உட்கார இடமில்லாத பெண்கள், குனிந்து குனிந்து துடைத்தார்கள்.

துறைத்தலைவர் கொத்துச்சாவியை அழைத்தார். உங்கள் பதினான்கு பேரும் நாளை பதினொன்றரை மணிக்குக் கூடத்துக்கு வரவேண்டும், துடைப்பமும் வாளியும் கண்ணில் படக்கூடாது, நீலச் சீருடையைக் கழற்றிவிட்டு வீட்டு உடையில் வரவேண்டும், கையில் ஆளுக்கொரு குறிப்பேடு, நான் பாடம் நடத்துவேன், பன்னிரண்டரைக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு நாடகத்துக்குரிய அத்தனை ஏற்பாட்டையும் விவரித்தார்.

"எங்களுக்கு என்ன சார் தெரியும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் தெரிய வேணாம்மா. சும்மா உட்கார்ந்திருந்தா போதும்."

சும்மா உட்கார! நான்கு மனு எழுதியும் கிடைக்காத வரம், மூன்றாம் மாடியிலிருந்து தானாக இறங்கி வந்தது. ஆனால் அவள் ஏமாளி அல்லள். அறை கேட்டு ஐந்தாம் மனு எழுதியிருந்தாள். ஒரு துறைத்தலைவரின் கையொப்பத்தோடு போனால் அதை யாரும் தள்ள முடியாது. அதில் கையெழுத்துப் போடுங்கள், வருகிறோம் என்றாள். கணக்கெடுப்பு முடியட்டும், போடுகிறேன் என்றார் அவர். வேறு வழி? ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் பதினொன்றரைக்குப் பதினான்கு பேரும் போய் உட்கார்ந்தார்கள். ஒருத்தி நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்துவிட்டே உட்கார்ந்தாள். காலையில் அவளே துடைத்த கைப்பிடி அது. துறைத்தலைவர் மேடையேறினார். இருத்தல் என்றால் என்ன, இன்மை என்றால் என்ன, இருக்கிற ஒன்று இருப்பதை எவ்வாறு அறிவது என்று பேசத் தொடங்கினார். பன்னிரண்டு ஆயிற்று. அலுவலரைக் காணோம். பன்னிரண்டரை ஆயிற்று. கீழே அலுவலர் கட்டிட எண்ணைத் தேடி வெயிலில் சுற்றிக்கொண்டிருந்தது மேலே யாருக்குத் தெரியும்? துறைத்தலைவர் சரக்குத் தீர்ந்துபோய், இருத்தலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்த பெண்கள் மெத்தையில் ஒன்றரை மணி நேரம் அமர்ந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. முதல் வரிசையில் ஒரு தலை சாய்ந்தது. இரண்டாம் வரிசையில் இருவர் ஒருவர் தோளில் ஒருவர் சரிந்தார்கள். மருமகள் முன்னால் இருந்த நாற்காலியைத் திருப்பி, அதன்மேல் இரண்டு காலையும் தூக்கிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு மணிக்குத் துறைத்தலைவர் பொறுமையிழந்தார். நான் கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், நீங்கள் அசையாமல் இருங்கள் என்று படியிறங்கினார். ஒரு மணி என்பது அந்தப் பெண்களின் சாப்பாட்டு நேரம். மனிதனின் நாடகம் வயிற்றுக்குத் தெரியுமா? டப்பாக்கள் திறந்தன. அவர் படியில் இறங்கிய அதே நேரத்தில் அலுவலரும் வேறகோப்பும் மின்தூக்கியில் ஏறி, மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள்.

அலுவலர் ஓர் அம்மையார். கையில் படிவ அட்டை, முகத்தில் நூற்றுப் பதினேழு கட்டிடங்களின் அலுப்பு. கூடத்தைப் பார்த்தார். சாப்பிடுகிறவர்கள், சாய்ந்திருக்கிறவர்கள், காலைத் தூக்கிவைத்துத் தூங்குகிற ஒரு கர்ப்பிணி.

"இங்க என்ன நடக்குது?"

பதின்மூன்று பேர் சட்டென்று எழுந்தார்கள். மருமகள் விழித்துக்கொண்டாள், ஆனால் எழ முடியவில்லை. வகுப்பு நடக்கிறது, இது இடைவேளை என்று சொல்லவேண்டும், துறைத்தலைவர் சொல்லிக் கொடுத்திருந்தார். சொன்னால் ஐந்தாம் மனுவில் கையொப்பம். கொத்துச்சாவி வாயைத் திறந்தாள். கண் மருமகளின் காலில் விழுந்தது. செருப்பு வார் பதிந்த இடத்தில் ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம். அந்தக் கையொப்பம் கட்டிட அலுவலகத்துக்குப் போய், அங்கே வேறொரு கோப்பில் விழுந்து, பத்தொன்பது நாள் தூங்கி எழுந்து வரும் காட்சி முழுதும் அவள் மனத்தில் ஓடியது. இத்தனை நாள் அடக்கிவைத்த சலிப்பு அவளுக்காகப் பேசிவிட்டது.

"ஓய்வு எடுக்கிறோம்மா. பதினாலு பேர். சாப்பாட்டு நேரம்."

"தினமும் இங்கதானா?"

"இன்னைக்குத்தான். நேத்து வரைக்கும் மாடிப்படிக்கு அடியில. அங்க உட்காரக் கூடாதுன்னு பலகை வெச்சுட்டாங்க. உட்கார வேண்டியிருக்கிறது மட்டும் தினமும்தான்."

அம்மையார் எழுதத் தொடங்கினார். அப்போதுதான் துறைத்தலைவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். இது வகுப்பு, இவர்கள் மாணவர்கள், தொடக்கநிலைத் தத்துவம், இப்போது இடைவேளை என்று ஒரே மூச்சில் கொட்டினார். அம்மையார் பக்கத்தில் நின்ற வயதான பெண்ணிடம் திரும்பி, என்ன பாடம் நடந்தது அம்மா என்று விசாரித்தார்.

"இருக்கிறதுன்னா என்னன்னு சார் ஒன்றரை மணி நேரமா கேட்டாரு," என்றாள் அவள். "இருந்து பார்த்தோம். நல்லாத்தான் இருக்கு."

வேறகோப்பு படிவத்தை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அம்மையார் சிரிக்கவில்லை. கூடத்தின் ஆண்டுக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டு கூட்டம். பிறகு துறைத்தலைவரிடம் அமைதியாக விளக்கினார்: இவர்கள் மாணவர்கள் என்றால் சேர்க்கை எண்களைக் காட்டுங்கள். காட்ட முடியாதென்றால் இவர்களைப் படிவத்திலிருந்து அடித்துவிடுகிறேன். அடித்தால் கூடம் காலி. காலி என்றால் மேலாண்மைத் துறைக்குப் போகும், அவர்கள் விண்ணப்பம் வரிசையில் முதலாவதாக நிற்கிறது. அடிக்க வேண்டாம் என்றால் கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன். "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்."

தத்துவத் துறைத்தலைவர் வாழ்வில் முதன்முறையாக ஒரு கேள்விக்கு உடனே விடை சொல்லவேண்டிய நிலைக்கு வந்தார். மேலாண்மைத் துறைக்குக் கூடத்தைக் கொடுத்தால் அடுத்த ஆண்டு நடைபாதையையும் கேட்பார்கள், அதற்கடுத்த ஆண்டு அவர் நாற்காலியையே கேட்பார்கள். பெருக்குகிறவர்கள் கையில் இருந்தால் என்றைக்காவது கெஞ்சியாவது வாங்கலாம். தற்காலிகம் என்று ஒரு சொல் சேர்க்க முடியுமா என்று கேட்டார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றார் அம்மையார். துறைத்தலைவர் கையொப்பமிட்டார். கொத்துச்சாவியைப் பார்த்த பார்வையில் மட்டும் இருத்தலும் இன்மையும் சேர்ந்தே எரிந்தன.

அன்றிலிருந்து பதினான்கு பேரும் நடுப்பகலில் அங்கேதான். பன்னிரண்டாம் நாள் ஆணை வந்தது: மூன்றாம் மாடிக் கூடம், பயன்பாடு: பணியாளர் ஓய்வறை. மருமகள் அந்த வரியை இரண்டுமுறை படித்துக் காட்டச் சொன்னாள். நாற்காலியில் சாய்ந்து, எதிர் நாற்காலியில் கால் நீட்டி, நாளுக்கு ஒரு மணி நேரம். வீக்கம் இறங்கத் தொடங்கியது.

கொடுத்த கை சும்மா இருக்குமா? ஆணைக்கு ஓர் இணைப்பு வந்தது. ஓய்வறை என்னும் வகைக்கு உரிய தளவாடம்: மர பெஞ்சு இரண்டு, மின்விளக்கு ஒன்று. மெத்தை நாற்காலிக்கு அந்த வகை உரியதன்று. ஆகவே நாற்பது நாற்காலிகளையும் இறக்கி, விருந்தினர் மாளிகையின் கீழ்த்தளத்தில் சேர்க்கவேண்டும். பெஞ்சுகளைச் செய்து தரவேண்டியது தச்சுக்கூடம். வங்கி குடியிருக்கும் தச்சுக்கூடத்தில் கடன் விண்ணப்பம்தான் கிடைக்கும், பெஞ்சு எப்படிக் கிடைக்கும்? உடைந்தவற்றோடு போய் உடைவதற்காக உடையாத நாற்பது நாற்காலிகள் மூன்று மாடி இறங்கவேண்டும். பதினான்கு பெண்கள் மறுபடியும் தரைக்கு இறங்கவேண்டும். ஏழு வாரத்தில் இன்னும் இரண்டு வாரம் பாக்கி. தரையில் உட்கார்ந்தால் அந்தப் பெண்ணால் எழுந்திருக்க முடியாத மாதம்.

வேறகோப்பு இரண்டு சுமைக்காரர்களோடு ஒன்றேகாலுக்கு வந்து நின்றார். கையில் பட்டியல். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நாற்பதும் இன்னைக்கே இறங்கணும்க்கா."

"பெஞ்சு வந்துச்சா?"

"அது வேற கோப்பு."

"அப்ப அந்தக் கோப்பு வர்ற அன்னைக்கு இது போகட்டும்."

தன் மேல் கோபப்பட்டு என்ன பயன், தான் வெறும் எழுத்தன், போடச் சொன்னதைப் போடுகிறவன், எடுக்கச் சொன்னதை எடுக்கிறவன் என்று அவர் புலம்பினார். எடுக்காமல் போனால் மேலே இருப்பவர் தன்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார் என்றார். சுமைக்காரர்களில் ஒருவன் கடைசி வரிசை நாற்காலியில் கைவைத்தான். பெண்கள் ஒருவர்கூட எழவில்லை. மருமகள் கண்ணைத் திறந்தாள், காலை இறக்கப்போனாள். மாமியார் அவள் முழங்காலில் கைவைத்து அழுத்தினாள்.

"உன்னை நிக்க வைக்கிறாரா? காலையிலேருந்து எத்தனை கட்டிடம் சுத்தினே?"

"பதினொண்ணு."

"எங்கயாவது உட்கார்ந்தியா?"

வேறகோப்புக்கு இதற்கும் ஒரு கோப்பு நினைவுக்கு வந்திருக்கவேண்டும், வரவில்லை. கட்டிட அலுவலகத்தில் அவருக்கு ஒரு மேசை உண்டு. அதன் நாற்காலியை ஆறு மாதத்துக்கு முன்னால் பழுது பார்க்கக் கொண்டுபோனவர்கள் கொண்டுவரவில்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொன்னார். கொத்துச்சாவி கோபத்தோடு ஒரு நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டாள்.

"ரெண்டு மணி வரைக்கும் எங்க நேரம். இவ காலை இறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. என்ன பேசணுமோ அப்புறம் பேசு. உட்காரு தம்பி."

அவர் சுமைக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் முன்பே உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். அவரும் உட்கார்ந்தார். மெத்தை பெருமூச்சு விட்டதா, அவர் விட்டாரா என்பது தெரியவில்லை. யாரோ ஒரு டப்பா மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். பட்டியல் அவர் மடியில் கிடந்தது. மருமகள் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். சற்று நேரத்தில் அவள் மூச்சு ஒழுங்காயிற்று.

இரண்டு மணி அடித்தபோது வேறகோப்பு பேனாவை எடுத்தார். நாற்பது என்ற எண்ணின் பக்கத்தில், 'மாற்றுப் பெஞ்சுகள் வந்து சேர்ந்த பின் இறக்கப்படும்' என்று எழுதி, தேதியிட்டு, கையொப்பமிட்டார். அந்தப் பெஞ்சுகள் எந்தக் காலத்தில் வரும் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். மேலே கேட்டால் என்ன சொல்வாய் என்று சுமைக்காரன் கேட்டதற்கு, விதிப்படி பெஞ்சு இல்லாமல் ஓய்வறை இருக்க முடியாது, அதைத்தான் சொல்வேன் என்றார்.

மூவரும் எழுந்து கதவை நோக்கி நடந்தார்கள். கொத்துச்சாவி குரலைத் தாழ்த்தி, ஆனால் கடுகடுப்புக் குறையாமல் கூப்பிட்டாள்.

"எழுந்தவங்க நாற்காலியை வரிசையில போட்டுட்டுப் போங்க. தினமும் துடைக்கிறவங்க நாங்க."

சுமைக்காரர்கள் திரும்பி வந்து, ஓசைப்படாமல், நாற்காலிகளை நேராக்கினார்கள்.